உட்காருவதை எழுத வந்தவர்

அந்த அம்மாவை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த வயதில் என் குரல் இளகிவிடுகிறது, கேட்பவர்கள் ஏதோ தெய்வப் பிறவியைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அடுத்தவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், நாள் முழுக்க எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும் ஒருத்தியை யாருக்குத்தான் பிடிக்கும்?

ராசிபுரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் அவருக்கு எடைக்காரம்மா என்று பெயர். சொந்தப் பெயரை வந்த அன்றைக்கே எல்லோரிடமும் சொன்னார், ஒருவரும் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. எமர்ஜென்சி முடிந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். கையில் அட்டையோடு யாராவது தெருவுக்குள் நுழைந்தால் ஆண்பிள்ளைகள் இன்னும் புழக்கடை வழியாக நழுவிக்கொண்டிருந்த காலம். குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்தவர் என்று நினைத்து, பக்கத்து வீட்டுப் பட்டுத் தறிக்காரர் தறிக்குழியை விட்டு எழுந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். "அவரு ஊருல இல்லீங்க, சேலம் போயிருக்கறாருங்க" என்று அவர் பெண்டாட்டி கூசாமல் சொன்னாள். கதவுக்கு அடியில் அவருடைய இரண்டு பாதங்களும் நன்றாகத் தெரிந்தன. "எனக்கு அவர் வேண்டாங்க, உங்க பையன் போதும்" என்றார் வந்தவர். அதைக் கேட்டதும் தறிக்காரர் சேலத்திலிருந்து உடனே திரும்பிவிட்டார்.

ஏதோ ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாம். பிள்ளைகள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள், எவ்வளவு நேரம் நடக்கிறார்கள், எப்போது ஓடுகிறார்கள் என்று பக்கத்திலேயே இருந்து பார்த்து எழுத வேண்டுமாம். தெருவே சிரித்தது. பிள்ளை உட்காருவதைப் பார்ப்பதற்கு ஒரு சம்பளமா? அந்நாளில் எல்லோருக்கும் எலும்பும் தோலுமாக இருந்த பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை. இவர் அவர்களையும் எடை பார்த்தார், கொழுகொழு பிள்ளைகளையும் தேடித் தேடிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் பிள்ளை குண்டாக இருந்தால் அந்த வீட்டில் நெய்க்குப் பஞ்சமில்லை என்று அர்த்தம். அதில் ஆராய என்ன இருக்கிறது என்று எனக்கும் புரியவில்லை.

எடை பார்க்க விடுவதற்கே பெண்கள் பயந்தார்கள். பிள்ளையை நிறுத்துப் பார்த்தால் கண் பட்டு இளைத்துப்போகும் என்று ஒரு நம்பிக்கை. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஒயர் கூடையிலிருந்து எடை மிஷினை எடுத்து வைப்பார், அது சரியாகக் காட்டுகிறதா என்று முத்திரை போட்ட படிக்கல் ஒன்றை அதன்மேல் வைத்துப் பார்ப்பார், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறி நிற்பார். நல்ல கனமான உடம்பு அவருக்கு. முள் எங்கே போய் நிற்கிறது என்று கூடியிருக்கும் அத்தனை பெண்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லுவார். "இவ்வளவு எடையை வெச்சுக்கிட்டு நானே பயப்படலை, வாங்க" என்பார். பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்பார்கள். சிரித்த கையோடு பிள்ளையை ஏற்றிவிடுவார்கள். அவர் போன பிறகு உப்பு மிளகாய் சுற்றிப் போடுவது தனி.

அவரிடம் எரிச்சலூட்டும் குணம் ஒன்று இருந்தது. பார்ப்பார், எழுதுவார், சொல்லமாட்டார். வீட்டுக்குள் வந்ததும் தான் கொண்டுவந்த மடக்கு முக்காலியை ஒரு மூலையில் போட்டு உட்காருவார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு ஸ்டாப் வாட்ச், மடியில் பரீட்சை அட்டை. "நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்குங்க" என்பார். அத்தனை பெரிய உருவம் மூலையில் இருக்கும்போது அதை எப்படி இல்லை என்று நினைப்பது? ஆனால் வேடிக்கை என்னவென்றால், இரண்டு மணி நேரம் போனால் நிஜமாகவே மறந்துவிடும். கூஜாவில் தண்ணீரும் டப்பாவில் எலுமிச்சைச் சோறும் அவரே கொண்டுவருவார். எதைக் கேட்டாலும் "தெரியலை, பார்க்கணும்" என்பதுதான் பதில். அட்டையை ஒரு நொடிகூடக் கீழே வைக்கமாட்டார். கொல்லைப்புறம் போனாலும் அது கூடவே போகும்.

அரிசி ஆலைக்காரர் வீட்டில் நடந்ததை இன்றைக்கும் நினைத்துச் சிரிப்பேன். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற மாதிரி நினைத்துக்கொண்டு, அவர்கள் பெண் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை கட்டி, இவர் கண்முன்னால் வாசலுக்கும் அடுப்படிக்கும் ஓடவிட்டிருக்கிறார்கள். குழந்தைக்கு மூச்சு முட்டியது. இவர் மறுக்காமல் எல்லா ஓட்டத்தையும் எழுதிக்கொண்டார். சாயங்காலம் கிளம்பும்போது "நாளைக்கும் வர்றேங்க" என்றார். மறுநாளும் ஓட்டம். "நாளைக்கும் வர்றேங்க." மூன்றாம் நாள் அந்த வீட்டில் எல்லோருக்கும் கால் ஓய்ந்துவிட்டது. குழந்தை ஊஞ்சலில் சாய்ந்து முறுக்குத் தின்றது, ஆலைக்காரர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். அப்போதுதான் இவர் புதுத் தாளை எடுத்திருக்கிறார்.

தறிக்காரர் பெண்டாட்டி ஒருநாள் அவரை மடக்கினாள். "எம்பட பையன் பள்ளிக்கொடம் உட்டு வந்தா இருட்டற வரைக்கும் உக்காந்து நூலு சுத்தறானுங்க. உக்காந்தா குண்டாவாங்கன்னா, அவன் ஏனுங்க ஓணான் மாதர இருக்கறான்?" நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன், மாட்டிக்கொண்டார் என்று. எடைக்காரம்மா கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "உக்காந்தா குண்டாவாங்கன்னு நான் சொல்லவே இல்லையே. அதையும்தான் பார்க்கணும்" என்று அவள் கேட்ட கேள்வியையும் எழுதிக்கொண்டார். தன் கேள்வி தாளில் ஏறியதில் தறிக்காரர் பெண்டாட்டிக்கு ஒரு வாரம் பெருமை தாங்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்ததைச் சொல்லுவதற்கு முன் என் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவனுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் அவனை ஜவ்வரிசி மூட்டை என்று கூப்பிட்டார்கள். டிரில் வகுப்பில் மைதானத்தை ஒரு சுற்று ஓடச் சொன்னதற்குப் பாதியிலேயே மூச்சு வாங்கி விழுந்துவிட்டான். சேலத்துக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினோம். இருதயத்தில் கோளாறு ஒன்றும் இல்லை, ஆனால் இப்படியே போனால் பின்னால் பிள்ளைக்குக் கஷ்டம், ஓடி விளையாடச் சொல்லுங்கள் என்றார்.  என் வீட்டுக்காரர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு ஒரு லாரி இருந்தது, இரண்டாவது வாங்கும் யோசனையில் இருந்தார். "லாரி ஓனருக்கு எதுக்குடி ஓட்டம்? வண்டிதான் ஓடோணும்" என்று சொல்லிவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டார்.

என் பையன் பிறவியிலேயே அசையாத பிள்ளை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வைத்தால் வைத்த இடம். சன்னலோரம் உட்கார்ந்து, ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த பஸ், யாருடைய லாரி என்று சொல்லுவான். தீப்பெட்டியில் லாரி செய்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே நாமக்கல் வரைக்கும் ஓட்டிவிட்டு வருவான். பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்து கொடுத்தால் மறுபேச்சு இல்லாமல் சாப்பிடுவான். இவனை எழுந்து ஓடு என்றால் எப்படி ஓடுவான் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இவனுக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் இருந்தாள். நாமகிரிப்பேட்டைப் பக்கம் தோட்டத்தில் குடியிருந்தோம். நான் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தேன், அவள் கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு ஓடினாள். கிணற்றுக்குச் சுவர் கிடையாது. அவளுக்கு அப்போது ஐந்து வயது, இவன் தொட்டிலில் இருந்தான். காரியம் முடிந்த மாதமே தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கிணறே இல்லாத தெருவாகப் பார்த்து ராசிபுரத்துக்கு வந்துவிட்டோம். அதற்குப் பிறகு அவளைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

எடைக்காரம்மா வீட்டுக்கு வீடு கேள்விகள் அச்சடித்த ஒரு ஃபாரம் நிரப்புவார். எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கும் அதுதான் முதல் வேலை. எத்தனை பிள்ளைகள் பிறந்தன, எத்தனை இருக்கின்றன என்று கேட்டார். "ரெண்டுங்க. ஒண்ணு இருக்குதுங்க" என்றேன். வேறு யாராக இருந்தாலும் ஐயோ என்று ஆரம்பித்து, எப்படி, எப்போது என்று துருவியிருப்பார்கள். இவர் பென்சிலை ஒரு கணம் தாளிலிருந்து எடுத்தார், பிறகு இரண்டு, ஒன்று என்று எழுதினார். அவ்வளவுதான். கேட்கவில்லையே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கேட்கவில்லையே என்று கோபமாகவும் இருந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலையிலிருந்து சாயங்காலம் வரை மூலையில் உட்கார்ந்திருந்தார். நான் சமைத்தேன், துவைத்தேன், பையனுக்குச் சோறு ஊட்டினேன், வெல்லம் கரைத்துக் கச்சாயம் சுட்டேன். பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டைகூடப் போட்டேன். அவரை மறந்தே போனேன். ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு அவர் ஸ்டாப் வாட்ச்சை நிறுத்திய சத்தம் கேட்டபோதுதான், இன்னும் இருக்கிறாரே என்று திரும்பிப் பார்த்தேன்.

"ஏனுங்க டீச்சர்" என்றேன். அவர் டீச்சர் இல்லை, ஆனால் அட்டை வைத்திருப்பவர்களை எனக்கு வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. "எம்பட பையன் எப்படீங்க இருக்கறான்? என்ன பண்ணோணுங்க?"

"நான் சொல்றதுக்கு வரலைங்க. பார்க்கத்தான் வந்தேன்."

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறிவிட்டது. "ரெண்டு நாளா எங்கூட்டுல உக்காந்திருந்தீங்க. ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. பெத்தவ வகுறு எரிஞ்சு கேக்கறேன், ஒரு வார்த்தை சொன்னா உங்க நோட்டு குறைஞ்சா போயிரும்? இப்படியே போனா அவன் ஒருநா மூச்சடைச்சு உழுந்துருவானுங்க. இவனையும் குடுத்துட்டு நான் என்னத்துக்கு இருக்கோணும்?"

 அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். முக்காலியை மடக்கப் போனவர் மடக்காமல் நிறுத்திக்கொண்டார். பிறகு யாரோ கடையில் சாமான் கேட்கிற தோரணையில் சொன்னார்: "தாளை வாசிக்க ஒரு ஆள் வேணும். ஒருத்தர் வாசிச்சா இன்னொருத்தர் கோடு போட்டு எண்ணணும், அப்பதான் தப்பு வராது. என்கூட வேலை பார்க்கிற பொண்ணுக்குக் காய்ச்சல். உங்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியுமில்லையா?"

எட்டாவது வரைக்கும் படித்தவள் நான். பக்கத்துத் தெருவில் இதே மாதிரி எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்பதை அப்போது நம்பினேன். பத்து நாள் கழித்து அவளைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தபோது, "எனக்கா? எனக்கென்ன?" என்று விழித்தாள். பொய்க் கணக்கு ஒரு நிமிஷம்கூட எழுதாத மனுஷி சொன்னதாக எனக்குத் தெரிந்த ஒரே பொய் அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அந்த வருஷக் கடைசியில் அவர்களுடைய வேலையும் முடிந்துவிட்டது. மூன்று வருஷம், வருஷத்துக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. நலமா என்று ஒரு வார்த்தை இருக்காது. பையனின் எடை என்ன, உயரம் என்ன, பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போகிறான் என்று மூன்று கேள்வி மட்டும் இருக்கும். நானும் அந்த மூன்றுக்கு மட்டும் பதில் எழுதுவேன். இரண்டாவது கடிதத்துக்கு நடந்து போகிறான் என்று எழுதினேன், யாரும் கூடப் போவதில்லை என்று கேட்காமலேயே சேர்த்து எழுதினேன். பையன் ஒல்லியாகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு அவன் அப்பாவின் உடம்பு. ஆனால் பத்தாவது படிக்கும்போது சைக்கிளிலேயே நாமக்கல் போய் வந்தான், எனக்குச் சொல்லாமல். மூச்சு வாங்கவில்லையாம்.

மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அட்டையை என் கையில் கொடுத்தார். யாரிடமும் கொடுக்காத அட்டை. நான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன், அவர் வேறொரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டார். பையன் உள்ளறையில் தீப்பெட்டி லாரியோடு இருந்தான். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, உரக்க, இழுத்து இழுத்து வாசிக்க ஆரம்பித்தேன்.

"ஏழு ஐம்பது. சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். எட்டு ஐந்து. எழுந்தான். சன்னல் கம்பியைப் பிடித்து ஏறப் பார்த்தான். தாய்: உக்காரு சாமி. உட்கார்ந்தான்."

ஒரு கோடு போட்டார்.

"எட்டு இருபது. எழுந்தான். பந்தை எடுத்தான். தாய்: உக்காந்து வெளையாடு சாமி. உட்கார்ந்தான். எட்டு முப்பத்திரண்டு. எழுந்தான். வாசல் வரை போனான். தாய்: எங்க போற, இங்க வந்து உக்காரு, அம்மா கச்சாயம் தாரேன். உட்கார்ந்தான். சாப்பிட்டான்."

நான் பேசின பேச்சை நான் பேசின மாதிரியே எழுதியிருந்தார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, இதையெல்லாமா எழுதுவார்கள் என்று. பக்கத்தைத் திருப்பினேன். எழுந்தான். உக்காரு சாமி. உட்கார்ந்தான். எழுந்தான், தெருவில் பசங்கள் சத்தம் கேட்டு. உக்காரு சாமி. எழுந்தான், எதற்கென்று தெரியவில்லை என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தார். உக்காரு சாமி. மூன்றாம் பக்கம் வந்தபோது சிரிப்பு போய்விட்டது. அசையாத பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அவன் எழுந்துகொண்டேதான் இருந்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அடுத்த வரியில் நான் இருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நிறுத்திவிடலாம் என்று அவரைப் பார்த்தேன். அவர் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பென்சில் காத்துக்கொண்டிருந்தது.

"பதினொன்று நாற்பது. எழுந்தான். தாய்:" என்று வாசித்து, கொஞ்சம் உரக்கவே சொன்னேன், "உக்காரு சாமி."

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "உக்காந்துட்டுத்தானம்மா இருக்கறேன்!"

 அட்டை மடியில் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். "இப்படித்தானுங்க, ஒருக்கா நான் பாக்காம உட்டுட்டேன்" என்றேன். "மாட்டுக்குத் தட்டுப் போடப் போனேனுங்க. திலும்பறதுக்குள்ள புள்ளையக் காணோமுங்க. ஆறு வருசமாச்சுங்க. எம்பட கண்ணு அளவுல உக்காந்திருந்தாச் சாவமாட்டான்னு இருந்துட்டனுங்க." இதை நான் முதல்முதலாகச் சொன்னது, சாப்பிடுங்கள் என்றாலும் சாப்பிடாத, பெயர்கூட எனக்கு நினைவில்லாத ஒரு அம்மாவிடம். அவர் என்னைத் தேற்றவில்லை, தொடவும் இல்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நான் அழுது முடிக்கும் வரை இருந்தார்.

சத்தம் கேட்டுப் பையன் உள்ளறை வாசலுக்கு வந்துவிட்டான். "ஏம்மா அழுவற?" என்றான். என் முகத்தைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். அவ்வளவுதான், ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவனாகவே கதவைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக உட்காரப் போனான்.

"உக்காராத சாமி" என்றேன்.

பாதி மடங்கின முழங்காலோடு அப்படியே நின்றான். எடைக்காரம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"வெளிய பசங்க வெளையாடறாங்கல்ல. போய் வெளையாடு."

"நெசமாவாம்மா?"

"நெசமாத்தாஞ் சாமி. போ."

அவன் வேகமாகப் போகவில்லை. வாசற்படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான், நான் மனசு மாறிவிட்டேனா என்று. பிறகு இறங்கிவிட்டான். படியில் அவன் காலடிச் சத்தம் கேட்டது, மண்ணில் கேட்கவில்லை. தெருவில் ஐந்தாறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினார்கள், அதில் அவன் குரல் எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என் உடம்பு தானாக எழுந்தது. ஒரு கை தரையில் ஊன்றிவிட்டது, கழுத்து வாசல் பக்கம் திரும்பிவிட்டது. உக்காரு சாமி என்று தொண்டைவரை வந்ததை நான் அடக்கின பாடு எனக்குத்தான் தெரியும்.

அட்டையை எடுத்து மறுபடி என் மடியில் வைத்தார் எடைக்காரம்மா.

"அடுத்த வரி படிங்க" என்றார்.

வாசலைப் பார்க்காமல், தாளைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

"பன்னிரண்டு பத்து. எழுந்தான்."